தோல் ஓ.பி.க்கு வருகிறவரிடம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? அரசு மருத்துவமனை டீன்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன்கள், தோல் நோய்ப் பிரிவுத் தலைவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில் வேலை பார்க்கும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். நம் பிரிவுகளில் நல்ல மருத்துவம் கிடைக்கிறது. ஆனால் சீட்டோடு வெளியே போகிறவருக்கு எவ்வளவு மருந்து, எத்தனை நாளைக்கு, எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது பல நேரம் தெரிவதில்லை. அதைத் தமிழில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். எழுதிய அளவுக்கு மருந்தும் கொடுக்க வேண்டும். கேட்பது இதைத்தான்.

முதலில் களிம்பைச் சொல்கிறோம், பாதிச் சிக்கல் அதில்தான் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரே கோடாகப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும். இந்த அளவுதான் ஒரு விரல்நுனி. விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை விரல்நுனி, மணிக்கட்டு வரை ஒரு கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு, மார்புக்கும் வயிற்றுக்கும் ஏழு, முதுகுக்கும் பிட்டத்துக்கும் ஏழு. இனி ஒரு கால் முழுக்கச் சோரியாசிஸ் இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதத்தையும் சேர்த்து ஒரு வேளைக்கு எட்டு விரல்நுனி, அதாவது 4 கிராம். இரண்டு வேளைக்கு 8 கிராம். 15 கிராம் டியூப் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். இரண்டு காலிலும் இருந்தால் ஒரே நாள். அந்த ஒரு டியூபைக் கொடுத்துவிட்டு, 15 நாள் கழித்து வாருங்கள் என்கிறோம்.

அவர் என்ன செய்வார்? பொட்டு வைப்பதுபோல் தொட்டுத் தொட்டு வைப்பார், இல்லையென்றால் தீர்ந்ததும் விட்டுவிடுவார். அடுத்த முறை வந்து "கேட்கல டாக்டர்" என்பார். நாம் அதைவிட வீரியமான களிம்பை எழுதுவோம். மருந்து சரியாகத்தான் இருந்தது, கொடுத்த அளவுதான் குறைவு. சீட்டில் "மேலே தடவ" என்று எழுதாமல், எந்த இடம், ஒரு வேளைக்கு எத்தனை விரல்நுனி, எத்தனை நாள் என்று எழுதினால் மருந்தகத்தில் கணக்குப் போட்டு டியூப் கொடுக்க முடியும். வறண்ட தோலுக்கான வாசலினும் அப்படித்தான். உடல் முழுக்க எக்சிமா உள்ளவருக்கு வாரத்துக்குக் கால் கிலோவாவது வேண்டும். அதைச் சின்ன டப்பாவில் கொடுத்தால் முழங்கைக்கே போதாது.

படர்தாமரைக்கு வருகிறவர்களில் பலர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கலவைக் களிம்பைத் தடவிவிட்டுத்தான் வருகிறார்கள். குளோபெட்டாசோல் போன்ற ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்தது அது. தடவிய இரண்டு மூன்று நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவிக்கொண்டிருக்கும். தொடையிடுக்கில் தோல் மெலிந்து விழும் கோடுகள் பிறகு மறைவதே இல்லை. ஸ்டீராய்டு களிம்புகள் 14 வகையை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018இல் மத்திய அரசு அறிவித்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. ஆகவே ஓ.பி. வாசலிலேயே ஒரு பலகை வையுங்கள்: "இதுவரை தடவிய எல்லா டியூபையும், காலியானதையும்கூட, எடுத்து வாருங்கள்."

வந்த அன்றே செய்யக்கூடிய சோதனையும் இருக்கிறது. செதிலின் ஓரத்தைச் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் சில்லில் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, பத்து இருபது நிமிடம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். வலிக்காது. ஆனால் முந்தின நாள்வரை பூஞ்சைக் களிம்பு தடவியிருந்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டும்.

மருந்து எழுதிய பிறகும் தவறுகள் நடக்கின்றன. பூஞ்சைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட வேண்டும், உடம்பில் ஏற வயிற்றில் அமிலம் வேண்டும். நாமோ பழக்கத்தில் கூடவே ஒரு அசிடிட்டி மாத்திரையையும் எழுதிவிடுகிறோம், அது இந்த மருந்து உடம்பில் ஏறுவதையே தடுக்கிறது. களிம்பைப் புண்ணின் ஓரத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டும், மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் கழற்றச் சொல்லுங்கள். ஈரம் காயாத அந்தக் கயிற்றில் பூஞ்சை தங்கித் திரும்பத் திரும்ப வருகிறது. நம்பிக்கையோடு கட்டியது என்பதால் பலர் தயங்குவார்கள், காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள்.

சிரங்குக்கு வேறொரு சிக்கல். வளர்ந்த ஒருவருக்கு சிரங்குப் பூச்சியைக் கொல்லும் 5% பெர்மெத்ரின் களிம்பு ஒரு தடவைக்கு 30 கிராம் வேண்டும். கழுத்திலிருந்து கால்விரல் இடுக்கு வரை, நகத்தடியிலும் விடாமல், இரவு தடவி 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். ஏழு நாள் கழித்து மறுபடியும். வீட்டில் உள்ள எல்லோரும் அதே இரவில். ஆனால் சீட்டு ஒருவர் பெயரில் இருப்பதால் மருந்து ஒருவருக்குத்தான் கிடைக்கிறது. வீட்டில் உள்ள மற்றவர்களிடமிருந்து பூச்சி அவருக்கே திரும்பி வருகிறது. ஒரே சீட்டில் குடும்பத்துக்கே மருந்து கொடுக்க டீன் உத்தரவிட்டால் போதும். பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். தெரியாதவர்கள் தினமும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது மெத்தோட்ரெக்சேட். சோரியாசிஸுக்கு இதை வாரத்தில் ஒரு நாள் மட்டும்தான் கொடுக்கிறோம். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் தினம் மாத்திரை போட்டுப் பழகியவர் இதையும் தினம் போட்டுக்கொண்டால் ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். மருந்துக் கவரில் 1-0-0, அதாவது தினம் காலையில் ஒன்று, என்று எழுதுவது நம் கை தானாகச் செய்யும் வேலை, இந்த மருந்துக்கு அது கூடவே கூடாது. "4 மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையின் பெயரை எழுத வேண்டும். சிவப்பு மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துவைத்தால் இன்னும் நல்லது. நான்கு வாரத்துக்கு 16 மாத்திரைதான். இரண்டு அட்டை முழுதாகக் கொடுத்து நான்கை மிச்சம் விடாமல், அட்டையை வெட்டிக் கொடுங்கள். ஃபோலிக் அமிலம் அந்தக் கிழமையில் வேண்டாம், வேறு நாளில் போடட்டும். வாய்ப்புண், காய்ச்சல், சோரியாசிஸ் படைகளே திடீரென்று புண்ணாவது, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வரச் சொல்ல வேண்டும். நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, சீக்கிரம் வந்தால்தான் அதற்குப் பலன். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களிடம் மருந்தை எழுதும் முன்பே பேசியாக வேண்டும்.

பயாப்ஸி என்றதும் பலர் புற்றுநோய் என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்டு மிளகு அளவுத் தோலை எடுத்து ஒன்றிரண்டு தையல் போடுகிறோம், அவ்வளவுதான் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். முகத்தில் 5 முதல் 7 நாளில், உடம்பில் 7 முதல் 10 நாளில், காலில் இரண்டு வாரத்துக்குள் தையல் பிரிக்கலாம். கொப்புள நோய்க்கு இரண்டு துண்டு எடுக்கும்போது ஒன்று ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போகவே கூடாது, போனால் ஒளிரும் சாயத்தால் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனை வீண், நோயாளியை மறுபடியும் வெட்ட வேண்டியிருக்கும். இரண்டு பாட்டிலுக்கும் வேறு நிற லேபிள் ஒட்டினால் இந்தத் தவறு குறையும்.

சிமென்ட் ஒவ்வாமையா என்று கொத்தனாருக்குப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டுக்குக் கிழமை முக்கியம். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்து, அன்றும், மறுபடி ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தும் பார்க்க வேண்டும். திங்களன்று ஒட்டினால் புதனும் வெள்ளியும் பார்க்கலாம். வெள்ளியன்று ஒட்டினால் எடுத்துப் பார்க்கும் நாளே ஞாயிறில் விழுந்துவிடும். இடையில் முதுகு நனையக்கூடாது, வியர்க்கும் வேலைக்கும் போகக்கூடாது. அந்த வாரக் கூலி போய்விடும் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்வதுதான் நியாயம்.

வெண்புள்ளிக்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கும் ஒளிச் சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று தடவை, பல மாதம் வர வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும். அதைக் காலை ஓ.பி. நேரத்தில் மட்டும் வைத்தால் தினக்கூலிக்காரர்கள் ஒரு மாதத்தில் நின்றுவிடுவார்கள். வாரத்தில் மூன்று மாலை இயந்திரம் ஓடட்டும்.

வரிசையில் நிற்கவே கூடாதவர்களும் இருக்கிறார்கள். வலிப்பு மாத்திரை, யூரிக் அமில மாத்திரை, சல்ஃபா மருந்து எதையாவது தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் வலி வந்தால் அடுத்த ஓ.பி. நாள்வரை காத்திருக்கக்கூடாது, அந்த மணியே அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். தொழுநோய் மருந்து எடுப்பவருக்குத் திடீரென்று நரம்பு வலியோ கை, கால் பலவீனமோ வந்தாலும் அப்படித்தான், தாமதித்தால் ஊனம் நிற்கும். டோக்கன் கொடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகளைக் கற்றுக் கொடுங்கள். தொழுநோய் மருந்து தொடங்குகிறவரிடம், மாதாந்திர மாத்திரையால் சிறுநீர் சிவக்கும், கிளோஃபசிமின் எடுத்தால் தோல் கறுக்கும், மருந்து முடிந்ததும் அது மெல்லக் குறையும் என்பதையும் சொல்லுங்கள். தெரியாமல் மருந்தை விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு மேஜையைச் சுற்றி மூன்று நோயாளிகள் நிற்கும்போது தொடையிடுக்கைக் காட்டச் சொல்வது சரியல்ல. ஒரு திரையும், பெண்களுக்கு உடன் நிற்க ஒரு செவிலியரும் போதும்.

ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பக்கத் தாளை நாங்களே எழுதித் தருகிறோம், அச்சடித்துக் கொடுங்கள். அதுவரை மெத்தோட்ரெக்சேட் ஸ்டாம்பையாவது இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோல் பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்