புறவாசல் பள்ளை ஆடுகளுக்குத் தெருவாரியாகத் தடுப்பூசி முகாம் கோரி மனு

அனுப்புநர்:
புறவாசலில் பால் ஆடு வளர்க்கும் குடும்பத்தார்,
கே.டி.சி. நகர் சுற்றுவட்டாரம், திருநெல்வேலி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பொருள்: புறநகர் வீடுகளில் வளரும் பள்ளை ஆடுகளுக்கு மழைக்கு முன் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் தெருவிலேயே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பகுதியில் வீட்டுக்கு இரண்டு, மூன்று என்று பள்ளை எனும் குட்டை இன ஆடுகள் வளர்கின்றன. குட்டிக்கு விட்டது போக அரை லிட்டருக்கும் குறைவாகவே கறக்கும். ஆனாலும் சிறு கொட்டகையும், வேலியோரம் நாலு அகத்தியும் முருங்கையும் இருந்தால் போதும். பெரிய ஆட்டுக்கு இந்த இடம் பத்தாது.

சிக்கல் மருந்துக் குப்பியில் இருக்கிறது. ஆட்டுக்கொல்லி எனும் நச்சுயிரி நோய்க்கான தடுப்பூசி 50 அல்லது 100 ஆட்டுக்கு ஒரு குப்பி என்று உலர்தூளாக வருகிறது. கரைத்துவிட்டால் பனிக்கட்டியில் வைத்து 2 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஓர் ஆட்டுக்குத் தோலுக்கடியில் 1 மி.லி.தான். இரண்டு ஆட்டைக் கொண்டு போகிறவருக்காக 100 ஆட்டுக் குப்பியை உடைத்தால் 98 ஆட்டுக்கான மருந்து வீண். மருத்துவர்கள் தயங்குவதில் தவறே இல்லை. மந்தையாகக் கிடை போட்ட ஊரில் ஒரே காலையில் குப்பி தீரும். இங்கே ஆடு ஊசி போடாமல் விட்டுப்போகிறது.

விட்டுப்போன ஆட்டுக்கு ஆபத்து சந்தை வழியே வருகிறது. புதிதாக வாங்கும் குட்டியை 21 நாள் தனியே கட்ட வேண்டும். எங்கள் புறவாசலில் தனி இடம் ஏது? காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, வாய்ப்புண், கழிச்சல் என்று நோய் முற்றினால் அந்த நச்சுயிரியைக் கொல்ல மருந்து இல்லை. ஒருமுறை ஊசி போட்டால் சுமார் 3 ஆண்டு காக்கும். 2030க்குள் இந்நோயை உலகிலிருந்தே ஒழிக்க வேண்டும் என்பது 2015இல் வகுத்த இலக்கு. நகரத்து ஆடுகளை விட்டுவிட்டு அது எப்படி முடியும்?

துள்ளுமாரி எனும் குடல் நஞ்சு நோய் எங்களுக்கு இன்னும் நெருக்கம். தழை தின்ன வேண்டிய ஆட்டுக்கு மிஞ்சிய சோறு, கஞ்சி, மண்டபத்து மீதி என்று திடீரென மாவுப்பொருள் போனால், குடலில் இருக்கும் கிருமி பெருகி நஞ்சு கக்கும். கொழுகொழுவென்று இருக்கும் குட்டிதான் முதலில் துள்ளி விழுந்து சாகும். சோற்றைக் குறைக்க நாங்கள் வீடு வீடாகச் சொல்லி வருகிறோம், ஆனால் ஊசியும் வேண்டும். முதல்முறை போடும் ஆட்டுக்கு 3 வாரம் கழித்து மறு ஊசி போடாவிட்டால் பாதுகாப்பு நிற்காது.

குடற்புழு மருந்தை எடை பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். பள்ளை ஆட்டைக் கண்ணால் மதிப்பிட்டால் அளவு தவறும்: குறைந்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும், கூடினால் ஆட்டுக்கே கேடு. முதல் மாதச் சினை ஆட்டுக்கு ஆல்பென்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கலாம். ஆகவே தராசும் சினை விவரக் குறிப்பும் முகாமில் இருப்பது அவசியம்.

எனவே கீழ்க்கண்டவாறு முகாம் நடத்த உத்தரவிட வேண்டுகிறோம்: ஆகஸ்ட் முதல் வாரம் எடை போட்டுக் குடற்புழு மருந்து, மூன்றாம் வாரம் ஆட்டுக்கொல்லி ஊசி (4 மாதம் நிறைந்தவற்றுக்கு), செப்டம்பர் இரண்டாம் வாரம் துள்ளுமாரி ஊசி, அக்டோபர் முதல் வாரம் மறு ஊசி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். காலை 7 மணிக்குத் தொடங்கினால் வேலைக்குப் போகிறவர்களும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்.

இன்னொன்று. கிடாயின் வாடை பக்கத்து வீட்டுக்கு ஆகாது என்பதால் நாங்கள் கிடா வைப்பதில்லை. வெளியே பெரிய இனமான ஜமுனாபாரிக் கலப்புக் கிடாயிடம் விட்டால் பள்ளை ஆட்டின் வயிற்றில் குட்டி பெருத்து, ஈனும்போது மாட்டிக்கொள்கிறது. பள்ளை இனக் கிடா ஒன்றைக் கால்நடை மருந்தகத்தில் பராமரிக்க ஆவன செய்ய வேண்டும்.

தெருவாரியாக வீடு, ஆட்டின் எண்ணிக்கை, வயது, சினை மாதம் எழுதிய பட்டியலை முகாமுக்கு 10 நாள் முன்பே தருகிறோம். குப்பி தீரும் அளவுக்கு, அதாவது 50 ஆடு சேரும்படி, பக்கத்துத் தெருக்களை நாங்களே இணைத்துக் கொள்வோம். பனிக்கட்டிப் பெட்டி, நிழல், தண்ணீர், கட்டுக் கயிறு எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
கே.டி.சி. நகர் சுற்றுவட்டார ஆடு வளர்க்கும் குடும்பத்தார்

இணைப்பு: தெருவாரி ஆட்டுப் பட்டியல், கையொப்பத் தாள்கள்.