பருத்திமார், சோளச்சக்கைக் கரிக்கட்டித் திட்டம்: பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

காட்டுக் கழிவைக் கரியாக்கி அடுப்பெரிக்கக் கட்டியாகப் பிடிக்க, பொதுக்குழு ஒப்புதல் தந்த கரிக்கட்டிப் பணி நிறைவடைந்தது. களத்துமேட்டுக் கொட்டகை, மூன்று 200 லிட்டர் டிரம், ஆறு கை அச்சு எல்லாம் இனி மகளிர் குழுக்களின் பொறுப்பு. வரவு செலவுக் கணக்கைச் சங்க அலுவலகத்தில் பார்க்கலாம். பயிற்சிக்கு வர முடியாதவர்களுக்காகச் செய்முறையை இங்கே தருகிறோம்.

நம் பெரம்பலூர்ப் பக்கம் அறுவடை முடிந்ததும் மக்காச்சோளச் சக்கையையும் (மணி உதிர்த்த கதிர்த்தண்டு) பருத்திமாரையும் (பஞ்செடுத்த செடியின் காய்ந்த தண்டு) காட்டிலேயே கொளுத்திவிடுகிறோம். இரண்டும் சாம்பல் குறைந்தவை, கரிக்கு ஏற்றவை. நெல் உமி வேண்டாம். அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். கரியாக்கினால் அந்தப் பங்கு இன்னும் கூடும், அடுப்பில் சூடு நிற்காது.

டிரம்மின் அடியில் இரண்டு விரல் அகலத்தில் ஐந்தாறு துளைகள் போட்டிருக்கிறோம். அதை மூன்று கல்மேல் தூக்கி வைத்து, நடுவில் ஒரு கம்பை நிறுத்தி, சுற்றிலும் சக்கையையோ ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்த மாரையோ நிரப்புங்கள். கம்பை உருவினால் காற்றுக்கு வழி கிடைக்கும். மார் படக்கென்று முறிய வேண்டும்; வளைந்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் காய விடுங்கள்.

பற்றவைத்ததும் வெள்ளைப் புகை திரளும், பிறகு மஞ்சள் கலக்கும். புகை மெலிந்து தீ தெளிவாக எரியத் தொடங்கும்போது மூடிவிட வேண்டும். டிரம்மைக் கம்பால் நெம்பிச் சாய்த்துக் கற்களை எடுத்துவிட்டு, மூடி போட்டு, மேலும் கீழும் ஈரமண் பூசுங்கள். முந்தி மூடினால் உள்ளே வேகாத கட்டை மிஞ்சும். பிந்தினால் சாம்பல்தான், பயிற்சியில் வீணானவை எல்லாம் பிந்தி மூடியவையே. மண்பூச்சில் நூலளவு இடுக்கு இருந்தாலும் கரி உள்ளேயே எரிந்து தீரும். சரியாக அமைந்தால் 100 கிலோ காய்ந்த சக்கைக்கு 20 முதல் 25 கிலோ கரி கிடைக்கும்.

டிரம் இரவு முழுக்க மூடியே இருக்கட்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி மீண்டும் கனலும். அதைச் சாக்கில் கட்டினால் கொட்டகையே பற்றிக்கொள்ளும்.

ஆறிய கரியை இடித்துச் சலித்த தூள் 10 கிலோவுக்கு மரவள்ளி மாவு 600 கிராம். மாவைப் பச்சைத்தண்ணீரில் கரைத்த பிறகே கொதிநீரில் ஊற்றிக் கூழாக்கி, கரித்தூளோடு பிசையுங்கள். மாவை நேரே கொதிநீரில் போட்டால் கட்டி தட்டும். மொத்தத் தண்ணீர் சுமார் 6 லிட்டர். பிசைந்த கலவை பிடிகொழுக்கட்டை போல விரல் தடத்தோடு நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது. கூழ் கூடினால் பூசணம் பிடிக்கும், எரியும்போது புகையும், குறைந்தால் உதிரும்.

அச்சில் இடித்தெடுத்த கட்டிகளை முதல் நாள் நிழலில் வையுங்கள். எடுத்ததும் வெயிலில் போட்டால் மேல் மட்டும் காய்ந்து வெடிக்கும். பிறகு மூன்று நான்கு நாள் வெயில். இரண்டு கட்டிகளை மோதினால் ஓடு தட்டுவது போல் சத்தம் வர வேண்டும்.

கதவைச் சாத்திய அறையில் இதை எரிக்கவே கூடாது. புகை இல்லையே என்று நம்பிவிடாதீர்கள்: கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

டிரம் வேண்டுவோர் முதல் நாளே கொட்டகைப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
பணிக்குழு