அதியமான் சிலைத் திருப்பணி: நிறைவு அறிக்கை

பழைய மாணவர் சங்க உறுப்பினர்களுக்குச் சிலை அமைப்புக் குழுவின் வணக்கம்.

பழைய தகடூரான தருமபுரியில், நம் பள்ளி வளாகத்தில், சங்க காலத்தில் இவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் வெண்கலச் சிலை நிறுவப்பட்டுவிட்டது. அனுமதி, அஸ்திவாரம், கிருஷ்ணகிரிக் கருங்கல் பீடம், விளக்கு யாவும் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

சிலையின் கழுத்து மாலையை மாற்ற இவ்வளவு தாமதமும் செலவும் தேவையா என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். தேவைதான். ஒப்பந்தத்தோடு புறநானூற்றின் 99ஆம் பாட்டை உரையுடன் இணைத்துக் கொடுத்திருந்தோம். அதியமானோடு பழகிய ஔவையார் அவனுக்குப் பொற்கழலும் பனை மாலையும் சூட்டுகிறார்: "ஈகையங் கழற்கால் இரும்பனம் புடையல்." வார்ப்புக்கு முன் செய்த மெழுகு உருவைப் பார்க்கப் போனால், உயர்ந்த கிரீடமும் ரோஜா மாலையுமாக யாரோ ஒரு ராஜா நிற்கிறார்! வேறொரு சிலைக்கு எடுத்த அச்சை நம் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.

"தூரத்தில் யாருக்குத் தெரியும்?" என்றார் ஒப்பந்ததாரர். தகடூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும் என்றோம். மெழுகில் இருக்கும்வரை திருத்தலாம். உலோகம் ஊற்றிவிட்டால் வெட்டி ஒட்டுவதுதான் வழி. அதனால் வார்ப்பை அங்கேயே நிறுத்தினோம். அவர் மீதித் தொகை முழுவதையும் முன்பணமாகக் கேட்டு வேலையை முடக்கினார். கொடுக்கவில்லை. இதற்காக எங்களைக் கஞ்சர்கள் என்றவர்களும் உண்டு.

இதற்கிடையில் உறுப்பினர் சிலர், "பனை சேரர் மாலை அல்லவா? தகடூரை வென்று அழித்த பெருஞ்சேரல் இரும்பொறையின் மாலையை நம் அரசனுக்குப் போடுவதா?" என்று கொதித்தார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதியர் சேரரோடு உறவுடைய குடி என்பது அறிஞர் பலரின் கருத்து. ஔவை சூட்டிய மாலையைக் கழற்ற நமக்கு உரிமையும் இல்லை.

கடைசியில் புதிய மெழுகும் கூலியும் ஒப்பந்ததாரர் பொறுப்பு, இடையில் ஏறிய செம்பு விலை நம் பொறுப்பு என்று முடிவானது. கூடுதலாகக் கொடுத்தது 68,000 ரூபாய். இதைவிடக் குறைவாக முடிக்க வழியில்லை.

பீடத்தில் நன்கொடையாளர் பெயர் ஏன் இல்லை என்ற வருத்தத்தையும் அறிவோம். அங்கே திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட கல்வெட்டின் வரியைப் பொறித்திருக்கிறோம்: "ஸதியபுதோ அதியந் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி." அஞ்சி கொடுத்த முனிவர் உறைவிடம் என்று பொருள். அசோகர் கல்வெட்டுகள் சொல்லும் சத்தியபுத்திரர் நம் அதியரே என்று காட்டிய வரி அது. அதன் பக்கத்தில் வேறு பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கொடுத்தவர்களின் பெயர்கள் நுழைவாயில் சுவரில் தனிப் பலகையில் உள்ளன. 1974 எஸ்.எஸ்.எல்.சி. அணி, 1986, 1991, 1998 பிளஸ் டூ அணிகள், பாலக்கோடு தக்காளி மண்டிக்காரர்கள், பென்னாகரம், பாப்பாரப்பட்டி, காரிமங்கலம், அரூர், மொரப்பூர் நண்பர்கள், ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரியும் தம்பிகள், பெங்களூரு வாழ் பழைய மாணவர்கள், ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்த நம் தமிழாசிரியை, உண்டியலில் காசு போட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என எல்லோருக்கும் நன்றி. பெயர் விடுபட்டிருந்தால் ரசீதுடன் வாருங்கள், சேர்த்துவிடுகிறோம்.

வரவு செலவுப் புத்தகம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். மீதித் தொகை சிலையைச் சுற்றிக் கம்பி வேலி போடுவதற்கு.