பிண்டா இன்று 31 கிராம் சாப்பிட்டது

ஸ்கார்பரோ, கனடா
18 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தைக்கு,

நான் இங்கு நலம். உங்கள் நலமும் மாமாவின் நலமும் அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அழைத்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று தம்பியிடம் வருத்தப்பட்டீர்களாம். அந்த நேரத்தில் என் மடியில் ஒரு கிழட்டுப் பூனை படுத்திருந்தது. அதன் முதுகுத் தோலில் ஊசி செருகியிருந்தது. நான் கையை அசைத்தால் ஊசி கழன்றுவிடும். இதைத் தொலைபேசியில் சொல்ல வராது என்பதால் எழுத உட்கார்ந்தேன். எழுதியதைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்புகிறேன், அவன் உங்களுக்குப் படித்துக் காட்டுவான்.

நான் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ட்டின் மேல்வீட்டு அம்மாள் போர்ச்சுகல்காரர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். அக்டோபரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, இப்போது முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். அங்கே பூனையை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு மாதம் பார்த்துக்கொள் என்று சாவியைக் கொடுத்தார், மாதம் நான்காகிவிட்டது. பூனையின் பெயர் பிண்டா. வயது 16, மனிதக் கணக்கில் எண்பதை எட்டிய கிழவி.

பொங்கலுக்குப் பிறகு அது தட்டுக்கு வந்து, மோந்து பார்த்து, இரண்டு முறை உதட்டை நக்கிக்கொண்டு திரும்பிப் போக ஆரம்பித்தது. உணவு பிடிக்கவில்லை, கிராக்கி செய்கிறது என்று நினைத்து, ஐந்து வகை டின் உணவை ஐந்து தட்டில் வைத்தேன். ஐந்தையும் மோந்துவிட்டுக் குளியலறைத் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்த உதடு நக்கல் ஆசையினால் அல்ல, குமட்டலினால் வருவது என்பது மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பசி இருந்ததால்தான் தட்டுவரை வந்திருக்கிறது. வாடை பட்டதும் வயிறு புரட்டியிருக்கிறது.

நாம் அமாவாசைக்கு ஒருபொழுது இருப்பதுபோலப் பூனையால் இருக்க முடியாதாம், அத்தை. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தாலே உடம்பின் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ச் சேர்ந்து, ஈரலே கெட்டுவிடக்கூடும். கொழுத்த பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். நான் மூன்றாம் நாள்தான் கொண்டுபோனேன். இங்கே மனிதர்களின் மருத்துவச் செலவை மாகாண அரசின் காப்பீடு பார்த்துக்கொள்கிறது, விலங்குக்கு அது கிடையாது. இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் என்று முதல் நாளே 480 டாலர் ஆனது. ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை.

சிறுநீரகம்தான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 390 என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டேன். பிறகுதான் இங்கே அளவு முறை வேறு என்றும், மாமாவின் ரிப்போர்ட்டில் வரும் கணக்கில் அது 4.4 என்றும் புரிந்தது. பூனையின் சிறுநீரக நோயை நான்கு கட்டமாகப் பிரிக்கிறார்கள், இது மூன்றாவதின் பின்பாதி. உடம்பிலிருந்து வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தங்குவதால் குமட்டலும் வாய்ப்புண்ணும் வருகின்றன. வாய்க்கருகே முகத்தைக் கொண்டுபோனால் அமோனியா வாடை அடிக்கிறது.

முதல் இரண்டு நாள் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். அதைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, சிரிஞ்சில் கரைத்த உணவை வாயோரமாகப் புகட்டினேன். அது இருமியது, பாதியைத் துப்பியது. அதன்பின் தட்டின் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. மருத்துவர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். வலுக்கட்டாயமாகக் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடலாம், அதோடு அந்த உணவையே அது பகையாக நினைத்துக்கொள்ளும் என்றார். கழுத்து வழியாக உணவுக்குழாயில் சிறு குழாய் வைத்து ஊட்டலாம் என்றும் சொன்னார்; அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்றதும் நான் துணியவில்லை.

இப்போது குமட்டலை அடக்கும் மருந்து முதலில். பசியைத் தூண்ட ஒரு களிம்பு பிறகு. மனிதர்களுக்கு மனச்சோர்வுக்காகக் கொடுக்கும் மருந்தாம் அது. பூனைக்குக் காது மடலின் உட்புறத்தில் தடவினால் பசி எடுக்கிறது. கையுறை போட்டுக்கொண்டுதான் தடவ வேண்டும், இல்லாவிட்டால் நம் உடம்பிலும் ஏறிவிடும். தடவிய முதல் நாள் நள்ளிரவு இரண்டு மணிக்குப் பிண்டா வீடு முழுக்கச் சுற்றி வந்து, குழந்தை அழுவதுபோலக் கத்தியது. அதுவும் மருந்தின் வேலைதானாம். ஆனால் விடியற்காலையில், உப்பும் மஞ்சளும் போடாமல் நான் வேகவைத்திருந்த கோழியில் நான்கு துண்டு தின்றது. உணவுத் தட்டைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால்தான் வாசனை எழுகிறது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் திரும்பியும் பார்ப்பதில்லை. நம் குழம்பு மீனை மட்டும் தரவே கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தையே கெடுத்துவிடும்.

தொடக்கத்தில் சொன்ன ஊசி விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் குளுக்கோஸ் ஏற்றுவார்களே, பார்ப்பதற்கு அதே பைதான், ஆனால் உள்ளே இருப்பது ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புக் கரைசல். ஏற்றுவதும் நரம்பில் அல்ல, தோலுக்கடியில். பையை வெதுவெதுப்பாக்கித் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிடுகிறேன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போல் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசியைச் செலுத்த வேண்டும். முதல் முறை ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வந்து, நீர் முழுவதும் என் சட்டையில்தான் இறங்கியது. 100 மில்லி ஏறியதும் முதுகில் திமில்போல் புடைத்து, சிறிது நேரத்தில் முன்னங்காலுக்கு இறங்கி, பிறகு மெல்ல வடிந்துவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்கிறேன்.

எடை பார்க்க என்னிடம் இருப்பது ஊருக்கு வரும்போது பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கும் தராசுதான். பூனையைத் துணிப்பையில் இட்டு அதில் மாட்டுகிறேன். இலையுதிர்காலத்தில் 4.5 கிலோ இருந்ததாக மருத்துவமனைக் குறிப்பு சொல்கிறது, இன்று 3.2. இங்கே தமிழ்க் கடையில் கொடுத்த தினசரி காலண்டரில், இராகு காலத்துக்குக் கீழே அன்றன்று தின்ற அளவை எழுதிவருகிறேன். நேற்று 12 கிராம், இன்று 31.

மருத்துவர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல நாளைவிடக் கெட்ட நாள் அதிகமாகும்போது என்னிடம் சொல், வலியில்லாமல் ஊசி போட்டு உறங்க வைத்துவிடலாம் என்றார். இங்கே அதைக் கருணையாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பத்தாதான் நினைவுக்கு வந்தார். கடைசி நாட்களில் அப்பத்தா வாயை இறுக மூடிக்கொண்டபோது, ஆளாளுக்குக் கஞ்சிக் கரண்டியோடு நின்றோம். நீங்கள்தான் எல்லோரையும் விலக்கிவிட்டு, ஈரத்துணியால் உதட்டை மட்டும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பட்டினி போடுகிறீர்களே என்று அன்று நான் உங்கள்மேல் கோபப்பட்டேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. முந்தின நாள் வரைக்கும் ஊட்டிய நீங்கள் அன்று காலையில் எதைப் பார்த்து நிறுத்தினீர்கள்? தம்பியிடம் சொல்லுங்கள், அவன் எழுதி அனுப்பட்டும்.

மேல்வீட்டு அம்மாள் அழைக்கும்போதெல்லாம் முதலில் கேட்பது, சாப்பிட்டதா என்றுதான். போன வாரம் வரை ஆமாம் என்று பொய் சொன்னேன். நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, கூட்டி வா, நான் பார்க்க வேண்டும் என்றார். பராமரிப்பு இல்லத்தில் ஒரு மணி நேரத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறேன், சனிக்கிழமை போகிறோம். சென்ற வாரம் அடுத்தடுத்துக் கொட்டிய பனி நடைபாதையில் இன்னும் குவிந்து கிடப்பதால் டாக்சிக்குச் சொல்லியிருக்கிறேன். கூண்டுக்குள் விரிக்க நீங்கள் கொடுத்தனுப்பிய சுங்குடிச் சேலையைத்தான் மடித்து வைத்திருக்கிறேன்; கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு எதை விரித்தாலும் அது படுப்பதில்லை.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பி.கு: பூனைக்கென்று நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடப் போவதாகத் தம்பி சொன்னான். வேண்டாம், அத்தை, அந்த உப்பை அதன் சிறுநீரகம் தாங்காது. எனக்கென்றால் கொடுத்தனுப்புங்கள்.