பாட்டு வகுப்பு எதற்கு?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து, "வாரம் இரண்டு பாட்டு வகுப்பு எதற்கு? அதையும் கணக்குக்கே கொடுக்கலாமே" என்றார். பலர் தலையாட்டினீர்கள். அன்று நேரமாகிவிட்டது, பதிலை இப்போது எழுதுகிறேன்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் கர்நாடக இசைப் பாடல்கள் இயற்றிய முத்துசுவாமி தீட்சிதரைப் படிக்கிறார்கள். 1775இல் திருவாரூரில் பிறந்தவர். பிறகு குடும்பம் சென்னையை அடுத்த மணலிக்குப் போனது. அங்கிருந்த காலத்தில் ஆங்கிலேயரின் பேண்டு இசை அவர் காதில் விழுந்தது. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அந்த மெட்டுகளுக்கே சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாடல் வரிகள், எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளைக் கொண்டுவந்து அமர்த்திவிட்டார்! தம்பி பாலுசுவாமியோ வயலினையே கற்றுக்கொண்டார். அது இல்லாத கச்சேரி இன்று அபூர்வம்.

தீட்சிதர் தம் குருவோடு காசிக்குப் போய்ச் சில ஆண்டுகள் இருந்தார். வடக்கத்தி இசையின் சாயலைத் திருவானைக்காவல் ஈசன்மீது பாடிய 'ஜம்புபதே'யில் கேட்கலாம்.

திருவாரூரில் மத்தளம் வாசித்த சீடர் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலியாம். குரு என்னும் வியாழக் கிரகத்தின் தோஷம் என்று கருதி, தீட்சிதர் அந்தக் கிரகத்தின்மீது 'ப்ருஹஸ்பதே'யைப் பாடிக் கொடுத்தார் என்பார்கள். (வயிற்றுவலி என்று விடுப்புக் கடிதம் வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.) அப்படித் தொடங்கி வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு கிருதிகள், அதாவது பாடல்கள், ஏழு வெவ்வேறு தாளங்களில்.

சென்ற வாரம் ஏழாம் வகுப்பு வாசலில் நின்று பார்த்தேன். பாதி வகுப்பு செவ்வாய்க்கிழமைக் கிருதியின் ரூபக தாளம் போட்டது. சுற்றுக்கு 6 எண்ணிக்கை. மறுபாதி சனிக்கிழமையின் ஏக தாளம், சுற்றுக்கு 4. கொஞ்ச நேரம் ஒரே குழப்பம், சிரிப்பு. 12 எண்ணி முடிந்ததும் இரு பக்கத்துத் தட்டும் ஒன்றாக விழுந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "மீச்சிறு பொது மடங்கு!" என்று கத்தினான். கணக்குத் தேர்வில் அவன் அதைச் சரியாக எழுதியதில்லை.

ஆனால் கணக்குக்கு உதவுகிறது என்பதற்காகப் பாட்டு வகுப்பை நான் வைத்திருக்கவில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்டால், தீட்சிதர் எனக்குத் துணைக்கு வரமாட்டார். கோயில் கோயிலாகப் போய்ப் பாடியவர். சொத்து சேர்த்தவர் அல்லர். எட்டயபுரத்தில் 1835 தீபாவளியன்று மறைந்தார். பிள்ளைகளுக்கு அவர் விட்டுப்போன பாட்டுகள் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை, அவ்வளவுதான். இரண்டு வகுப்புகளும் தொடரும்.

தீபாவளி விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்குப் பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் பாடுகிறார்கள். அதுவரை வீட்டில் தொடையில் தாளம் போட்டால் அதட்டாதீர்கள். எவர்சில்வர் தட்டில் போட்டால் அதட்டலாம். கேள்வி கேட்ட தந்தைக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்