பில்லிங் மென்பொருளின் புதிய பதிப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
உரிமையாளர்,
படகுச் சாமான், கயிறு விற்பனைக் கடை,
காசிமேடு, சென்னை – 600 013.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 23.06.2025

பொருள்: புதிய பதிப்பால் பில் போட முடியாமை – பழைய பதிப்பைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

பதினோரு வருடமாக எங்கள் கடையில் உங்கள் மென்பொருள்தான். ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு) பணம் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. ஏப்ரலில் நீங்கள் அனுப்பிய புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து பில் போடுவதே பெரும்பாடாகிவிட்டது. மூன்று முறை போன் செய்தேன். "ரேம் போடுங்க சார், பிரிண்டரை மாத்துங்க" என்றார்கள். அதனால் எழுத்தில் தருகிறேன்.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 நள்ளிரவோடு முடியும். அதற்கு முந்தைய இரண்டு நாள்தான் எங்களுக்கு வருடத்தின் பெரிய வியாபாரம். 13ஆம் தேதி ராத்திரி கடை வாசலில் ஆள் நிற்க இடமில்லை. கல்லாவில் பில் போடுவது என் அக்கா. ஒரு விசைப்படகுக்குக் கயிறு, மிதவை, ஈயக்குண்டு என்று 42 வரி ஏற்றி முடித்துவிட்டார். அந்த நேரம் படகு டிரைவர் ஒரு கட்டுக் கயிற்றைத் திருப்பிக் கொடுத்தார். பழைய பதிப்பில் சரக்கு திரும்பி வந்தால் கன்ட்ரோல்–ஆர் விசையை அடிக்க வேண்டும். அக்காவின் விரல் தானாக அங்கே போனது. அடுத்த நொடி வெள்ளைத் திரை. 42 வரியும் போயிற்று. படகு ஓனர் முன்னால், கட்டிய சாமானையெல்லாம் அவிழ்த்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று. அக்கா அன்று அழுதுவிட்டார்.

அது அவர் தவறல்ல. அப்பாவுக்கு முடியாமல் போய்க் கடைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் நான் விஷுவல் பேசிக்கில் புரோகிராம் எழுதியவன். உங்கள் புதிய பதிப்பைப் போட்டிருக்கும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் செய்திருக்கிறீர்கள். அதாவது உள்ளே ஒரு முழு குரோமியம் பிரவுசர் (குரோமுக்கு அடிப்படையானது), அதன்மேல் உங்கள் பில் பக்கம். கன்ட்ரோல்–ஆர் அடித்தால் பக்கத்தை மறுபடி ஏற்றுவது எலக்ட்ரானோடு வரும் மெனுவின் பழக்கம். கடைக்குக் கொடுக்கும் முன் அதை எடுத்துவிட உங்களுக்குச் சில வரி வேலைதான்.

அடுத்து பிரிண்டர். எங்களுக்கு மூன்று பிரதி வேண்டும்: படகு ஓனருக்கு, டிரைவருக்கு, கடைக்கு. ஊசி அடித்து அழுத்தினால்தான் கார்பனில் எழுத்து இறங்கும். அதனால்தான் இன்றும் டாட் மேட்ரிக்ஸ். தெர்மல் பிரிண்டர் வாங்கச் சொன்ன உங்கள் ஆளுக்கு இது தெரியவில்லை. பழைய பதிப்பு எழுத்தை எழுத்தாகவே பிரிண்டருக்கு அனுப்பியது. பிரிண்டர் தன் சொந்த எழுத்துருவில் அடித்துத் தள்ளியது, பத்து வரி பில் ஆறேழு நொடியில் கையில். புதிய பதிப்பு அதே பில்லைப் படமாக்கி அனுப்புகிறது. ஒரே வரியை மேல்பாதி, கீழ்பாதி என்று ஊசித்தலை இரண்டு மூன்று தடவை தேய்க்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது, மூன்றாவது பிரதியில் தொகை படிக்கவே வரவில்லை. பாக்கிக் கணக்கு நிற்பதே அந்தத் தொகையில்தான்.

கம்ப்யூட்டரில் 4 ஜிபி ரேம். பழைய பதிப்பு 30 எம்பி எடுத்தது. புதியது, டாஸ்க் மேனேஜரில் நானே கூட்டிப் பார்த்தேன், 500 எம்பியைத் தாண்டுகிறது. ஜிஎஸ்டி தளத்துக்குக் குரோமும் திறந்திருக்கும், ஆக ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பிரவுசர். அக்கா வேகமாக அடித்தால் ஐட்டம் பெயரின் முதல் எழுத்து விழுவதில்லை.

எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே புரோகிராம் எழுதுவதை நான் குறை சொல்லவில்லை. 1995இல் ஜாவா என்ற புரோகிராம் மொழி வந்ததே அந்த வாக்குறுதியோடுதான். நான் எழுதிய வி.பி.க்கும் (விஷுவல் பேசிக்) ரன்டைம், அதாவது புரோகிராம் ஓடத் துணை நிற்கும் மென்பொருள், உண்டு. ஆனால் அது ஒன்றரை எம்பிகூட வராத ஒரு டி.எல்.எல். ஃபைல், இன்றைக்கும் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. எலக்ட்ரானிலும் நல்ல மென்பொருள் செய்யலாம், புரோகிராம் எழுதுவோர் பயன்படுத்தும் வி.எஸ். கோட் அதில் ஓடுவதுதான். எலக்ட்ரானுக்குள்ளேயே நோட் ஜேஎஸ் என்ற, பிரவுசருக்கு வெளியே கம்ப்யூட்டரோடு பேசும் பகுதி இருக்கிறது, அதன் வழியாகப் பிரிண்டருக்கு நேராக எழுத்தை அனுப்பலாம். வழி இருந்தும் நீங்கள் செய்யவில்லை என்பதுதான் என் மனக்குறை. மேக், லினக்ஸ், விண்டோஸ் மூன்றுக்கும் தனித்தனியாக எழுதும் செலவு உங்களுக்கு மிச்சம். அந்தச் செலவு ரேமாகவும் புதுப் பிரிண்டராகவும் என் தலையில் விழுகிறது. என் கடையில் இருப்பது ஒரே ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர்.

எனவே பழைய பதிப்பின் லைசென்ஸை மறுபடி இயக்கித் தாருங்கள். ஏப்ரலுக்குப் பிறகு புதிய பதிப்பில் ஏறிய கணக்கையும் அதற்குள் மாற்றித் தர வேண்டும். புதியதில் நேரடிப் பிரிண்டும், பழைய விசைகளும் வந்த பிறகு நாங்களே மாறிக்கொள்கிறோம். அதுவரை இந்த வருட ஏ.எம்.சி. தொகையைத் திருப்பித் தரவும்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வியாபாரி என்பதால் செல்லாது என்று சொல்ல வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது பிரதி பில்கள் நான்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். தொகையைப் படிக்க முடிகிறதா என்று நீங்களே பாருங்கள்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
கடை உரிமையாளர்