‘சூடு தாங்கும்’ ஸ்லீவ் உருகி இக்னிஷன் காயில் போனது: முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
ரசீதில் உள்ள பெயரும் முகவரியும்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 12.05.2025

பொருள்: 09.02.2025 அன்று உங்கள் இணையக் கடையில் வாங்கிய இக்னிஷன் காயில் செட், ஒயர் கட்டு, ஒயர்மேல் போடும் வெப்பக் காப்பு ஸ்லீவ் குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எண்ணுக்கு நான் மூன்று முறை போன் செய்தேன். பின்கோடு கேரளா என்று பார்த்ததுமே மலையாளப் பிரிவுக்கு மாற்றினார்கள், அங்கிருந்து இந்திக்கு, அப்புறம் லைன் கட். மலையாளம் எனக்கு நன்றாகவே வரும். எங்கள் ஊரில் பாதிப் பேச்சு அதில்தான் நடக்கும். ஆனால் கோபத்தோடு ஒரு விஷயத்தை வரிசையாகச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வசதி. அதனால்தான் இந்தக் கடிதம்.

என்னுடையது 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல். இந்த எஞ்சினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும், அது பொறி அடிக்க உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். 2003-ல் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் லட்சக்கணக்கான கார்களுக்கு இக்னிஷன் காயிலை இலவசமாக மாற்றிக் கொடுத்தது, காயிலுக்கு இது அப்படிப் பேர் போன எஞ்சின். காயிலுக்குப் போகும் ஒயரும் லேசுப்பட்டதல்ல. எஞ்சின் புகையால் சுழன்று கொதிக்கும் டர்போ இருப்பது எஞ்சினுக்குப் பின்பக்கம், டேஷ்போர்டை ஒட்டி. வண்டியை நிறுத்திய பிறகும் அந்தச் சூடு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இருபது வருடம் அதில் வெந்த ஒயரைத் தொட்டால் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும். என் வண்டியிலும் நொறுங்கியது. போதாக்குறைக்குப் பாலக்காட்டு மார்ச் மாத வெயில் வேறு. அதனால்தான் காயிலோடு ஒயர் கட்டையும் ஸ்லீவையும் சேர்த்து உங்களிடம் ரூ. 16,400 கொடுத்து வாங்கினேன்.

ஸ்லீவின் பெட்டியில் ‘சிலிக்கோன் பூசிய ஃபைபர்கிளாஸ், 260 டிகிரி வரை தாங்கும்’ என்று போட்டிருந்தது. ஒயர் கட்டின் பெட்டியில் ‘சிலிக்கோன் இன்சுலேஷன்’. தயாரித்தவர் பெயரும் இல்லை, இறக்குமதி செய்தவர் பெயரும் இல்லை. அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும், என் தப்பு.

கஞ்சிக்கோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சேட்டன் பிப்ரவரி 16 அன்று எல்லாவற்றையும் மாட்டினார். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நாலு பிளக்கும் புதுசு, பொறி தாவும் கேப் 0.7 மில்லிமீட்டர் வைத்து, டார்க் ரென்ச்சில் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கினார். ஸ்லீவ் எந்த இடத்திலும் இரும்பைத் தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டுக் கிளிப் போட்டார். நடுவில் காற்று இருந்தால்தான் ஸ்லீவுக்கே வேலை என்பது அவருக்குத் தெரியும். ‘ஃபிட்டிங் தவறு’ என்று நீங்கள் பதிலில் எழுதியதால்தான் இவ்வளவு விவரம்.

ஏப்ரல் 6, ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடு நெல்லியாம்பதி போனோம். போத்துண்டி அணை தாண்டி ஏற்றம் தொடங்கி நாலைந்து வளைவு இருக்கும், வண்டி மிஸ்ஸிங் அடித்தது. செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அந்த விளக்கு அப்படிக் கண்ணடித்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அதற்கு மேலும் ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போய்விடும். ஓரங்கட்டிவிட்டேன். பின்சீட்டில் என் மாமியார், “சின்னக் கார் வாங்குங்கன்னு அப்பவே சொன்னேன் மாப்பிள்ளை” என்றார். அதற்கு உங்களிடம் நஷ்டஈடு கேட்கவில்லை.

நென்மாறையிலிருந்து ரெக்கவரி வண்டி வரவழைத்தோம். மறுநாள் சேட்டன் ஸ்கேனர் போட்டார். பி0303 என்ற பிழைக் குறியீடு வந்தது, அதாவது மூன்றாவது சிலிண்டர் அடிக்கவில்லை. மூன்றில் இருந்த காயிலைக் கழற்றி ஒன்றில் வைத்தார், ஒன்றில் இருந்ததை மூன்றில். ஸ்டார்ட் செய்ததும் குறியீடு பி0301 ஆக, அதாவது முதல் சிலிண்டராக, மாறியது. காயில் எங்கே போனதோ அங்கே பிரச்சினையும் போனது. ஆக, காயில் செத்துவிட்டது, அதில் சந்தேகமில்லை.

ஆனால் அது ஏன் செத்தது என்பதுதான் விஷயம். காயிலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்து ரெசின் உப்பி, ஓரத்தில் பிசின் மாதிரி வழிந்து கட்டியாகியிருந்தது. உள்ளே தாறுமாறாகச் சூடேறியிருக்கிறது. சேட்டன் ஸ்லீவைக் கிழித்துப் பார்த்தார். கிழிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. டர்போ பக்கம் ஒயர் வளைகிற இடத்தில் ஸ்லீவ் உருகி, கறுத்த வெல்லப்பாகு மாதிரி ஒயர்களோடு ஒட்டிக்கிடந்தது. அதற்கடியில் ‘சிலிக்கோன்’ ஒயரின் தோலும் இளகி இரண்டு இடத்தில் செம்பு தெரிந்தது. ஒன்று 12 வோல்ட் ஒயர், மற்றது எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து காயிலுக்கு வரும் சிக்னல் ஒயர். இரண்டும் தொட்டால் என்ன ஆகும்? ‘மின்னோட்டத்தை நிறுத்து’ என்ற உத்தரவு காயிலுக்கு வரவே வராது. கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் அடுப்பாகிவிடும்.

மிச்சமிருந்த புது ஸ்லீவில் ஒரு விரல் நீளம் வெட்டி, சேட்டன் லைட்டரைக் காட்டினார். ஃபைபர்கிளாஸ் என்றால் மேலே பூச்சு கருகினாலும் உள்ளே கண்ணாடி நூல் அப்படியே நிற்க வேண்டும். இது ஐந்து எண்ணுவதற்குள் சுருண்டு, தீப்பிடித்து, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. பிளாஸ்டிக் வாளி எரிகிற அதே நாற்றம். வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், ஏப்ரல் 7 அன்றே உங்களுக்கு அனுப்பியும் விட்டேன்.

பதில் வந்தது ஏப்ரல் 28. ‘ஃபிட்டிங் தவறு. இருந்தாலும் நல்லெண்ண அடிப்படையில் ஒரு காயில் இலவசமாக அனுப்புகிறோம்.’ ஸ்லீவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீடியோவை யாராவது திறந்து பார்த்தார்களா என்றே தெரியவில்லை.

அந்த ஒரு காயில் எனக்கு வேண்டாம். அதே ஒயரில், அதே ஸ்லீவுக்குள் மாட்டினால் அதுவும் ஐம்பது நாளில் வெந்துவிடும். பிறகு நல்லெண்ண அடிப்படையில் இன்னொன்று அனுப்புவீர்களா? நான் புகார் சொல்வது காயிலை அல்ல. அது நல்ல காயிலாகவேகூட இருந்திருக்கலாம். அதைக் காப்பாற்றும் என்று சொல்லி விற்ற பொருள்தான் அதைக் கொன்றது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பொருளுக்குக் கொடுத்த ரூ. 16,400, ரெக்கவரி வண்டிக்கு ரூ. 3,500, கழற்றி மாட்டிய கூலி ரூ. 1,800, மொத்தம் ரூ. 21,700 என் கணக்குக்கு வர வேண்டும். அத்தோடு அந்த ஸ்லீவின் விற்பனையை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். நேற்றுப் பார்த்தேன், இன்னமும் ‘260 டிகிரி’ என்றேதான் விற்கிறீர்கள். பெட்ரோல் குழாய் ஓடும் பானெட்டுக்குள் தீப்பிடித்துச் சொட்டுகிற பொருளை யாரும் மாட்டக் கூடாது.

2020-ன் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். இரண்டும் தாண்டிவிட்டது. இன்னும் 15 நாள் பார்ப்பேன். அதற்குள் பணம் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டு, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. தேங்காய் சீசன் முடிந்துவிட்டது, எனக்கு இப்போது நேரமும் இருக்கிறது.

ரசீது, ஸ்கேனர் படங்கள், கூலி பில், ரெக்கவரி பில் ஆகியவற்றின் நகல்கள் இத்துடன் உள்ளன. உருகிய ஸ்லீவையும் ஒயரையும் ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பாதியை வெட்டி அனுப்புகிறேன். முழுசாகத் தர மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை.